நூற்றிருபது சொற்களில் ஓர் ஆணி

அவளுக்குத் தபால் என்று பெயர் வைத்தவள் அத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்தவள், கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து நடப்பதை வேடிக்கை பார்த்தாள். அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள். நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை, கதவும் கிடையாது. அப்பாவிடம் காப்பி ஆறுகிறது என்று சொல்லச் சொன்னாள் அம்மா. மகள் எழுந்துபோய் அதைச் சொன்னாள். தனக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார் அப்பா. மகள் திரும்பி வந்து அதையும் சொன்னாள். இப்படி ஏழாவது நடை முடிந்தபோது அத்தை, "உன்னைப் பெத்தாங்களா, தபாலாபீஸ்ல எடுத்தாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கல்லூரி வரைக்கும் போய்விட்டது.

சண்டைக்குக் காரணம் ஓர் ஆணி. கூடத்துச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க அம்மா மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள். பெயின்ட் காய்ந்த மறுநாள் காலை, காலண்டர் மாட்டுவதற்காக அப்பா சுவரின் நட்டநடுவில் ஆணி அடித்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள் அம்மா. என் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க நான் யாரைக் கேட்க வேண்டும் என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆணியைப் பிடுங்கினால் அப்பா தோற்றுப்போவார். காலண்டரை மாட்டினால் அம்மா விடமாட்டாள். ஆகவே காலண்டர் மேசைமேல் கிடந்தது. ஆணி மட்டும் சுவரில், எதற்கும் பயனில்லாமல், வீட்டுக்குப் பெரிய மனிதர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

தபாலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வாக்கியமாவது பேசிக்கொள்ள வேண்டும். திட்டிக்கொண்டாலும் அவளுக்குச் சம்மதம். இலையிலிருந்து எழுந்திருக்காமல் ஒருவேளைச் சோறு தின்ன வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

கல்லூரியில் அவளுடைய கடைசிப் பருவத்தில், நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு கடைக்கோ அலுவலகத்துக்கோ இணையதளம் செய்து கொடுக்க வேண்டும் என்றார் ஆசிரியை. தபாலின் குழுவில் ஒருவன் தலைவர். அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் நாள் வெள்ளைப் பலகைக்கான பேனா அவன் கையில் இருந்தது, பிறகு அவன் அதைக் கீழே வைக்கவே இல்லை. இன்னொருத்தி வண்ணக்காரி. பச்சையில் எந்தப் பச்சை என்று முடிவெடுக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. மூன்றாமவன் ஆமாம்சாமி. நிரல் எழுதியது முழுக்க அவன்தான், ஆனால் யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பான். இரண்டு பேர் நேர்மாறாகச் சொன்னால் இரண்டு தடவை ஆமாம் என்பான்.

தபாலுக்கு எழுத்து வேலை கொடுத்தார்கள். அவள் கேட்டு வாங்கியதல்ல. அவள் முகத்தைப் பார்த்தால் எதையாவது தூக்கிக் கொடுத்து அனுப்பத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. அது அவள் தலையெழுத்து.

தலைவர் ஒரு சட்டம் போட்டிருந்தான். அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும், அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம். கணினி அறையில் நான்கு பேரும் ஒரே வரிசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் திரையில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பது மட்டும் குற்றம். சுவரில் ஓர் அட்டவணை இருந்தது. வேலை முடிந்தால் கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த டிக்கைத் தலைவர் எட்ட நின்று ரசிப்பான்.

இணையதளம் ஒரு பல் டாக்டருக்கு. தபாலின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய கிளினிக். நல்ல மனிதர். பக்கங்களில் போட வேண்டிய விவரங்களைக் கேட்டால் அடுத்த வாரம் தருகிறேன் என்பார். அடுத்த வாரம் கேட்டால் அதற்கு அடுத்த வாரம் என்பார். இப்படி ஆறு வாரம் இழுத்தடித்தார்.

வண்ணக்காரியால் அதுவரை பொறுக்க முடியவில்லை. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு அழகு பார்க்க முடியாது, அங்கே ஏதாவது எழுத்து வேண்டும் என்றாள். தபால் அ, ஆ, இ, ஈ என்று அடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பலகை மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். செய்தித்தாளிலிருந்து எடுத்துப் போட்டாள். அதற்குத் தலைவர் பதறிவிட்டான். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருந்தது. தற்காலிக எழுத்தா, நிரந்தர எழுத்தா என்றெல்லாம் அதற்குத் தெரியாது, பிடித்தால் மொத்தக் குழுவுக்கும் பூஜ்யம். "சொந்தமா எழுது. என்னவா இருந்தாலும் சரி. முதல் பக்கத்துக்கு நூத்தியிருபது சொல்லு, எண்ணிப் போடு" என்றான்.

அவளிடம் சொந்தமாக இருந்தது ஓர் ஆணிதான்.

முதல் பக்கத்துக்கு நூற்றிருபது சொல் எழுதினாள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் முந்நூறு சொல் இடம் இருந்தது. அதில் அப்பாவும் அம்மாவும் எப்படிப் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை ஆதியோடு அந்தமாக எழுதினாள். 'சேவைகள்' பக்கத்தில் நான்கு கட்டங்கள். பல் வெண்மையாக்கும் கட்டத்தில் அம்மா மூன்று கடை ஏறி வண்ணம் தேடிய கதையைப் போட்டாள். வேர் சிகிச்சைக்குக் கீழே ஆணி சுவருக்குள் இரண்டு அங்குலம் போயிருப்பதையும், அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வராததையும் எழுதினாள். 'நோயாளிகள் சொல்வது' என்ற இடத்துக்கு அத்தை வந்தாள். தப்பு இருவர்மேலும்தான், ஆனால் அண்ணன்மேல் கொஞ்சம் குறைச்சல் என்ற அத்தையின் தீர்ப்புக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

எழுதும்போது அவளுக்கு மனசு லேசாயிற்று. இத்தனை மாதமாக அடுத்தவர் பேச்சையே சுமந்தவள், முதல்முறையாகத் தன் பேச்சை எங்கேயோ இறக்கி வைத்திருந்தாள். எப்படியும் கடைசியில் அழித்துவிட்டு டாக்டரின் விவரங்களைப் போடப் போகிறார்கள், யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு டாக்டர் நான்கு பக்க விவரத்தைத் தலைவரின் போனுக்கு அனுப்பினார். தலைவர் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். கட்டைவிரலைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் அவனுக்கு. விவரம் வந்ததைத் தலைவர் சொல்லுவான் என்று தபால் காத்திருந்தாள். எழுத்துக் கட்டத்தில்தான் டிக் இருக்கிறதே என்று தலைவர் இருந்துவிட்டான். வண்ணக்காரி எழுத்தைப் படிப்பதில்லை, அதன் அகலத்தைத்தான் பார்ப்பாள். ஏற்றிவிடலாமா என்று தலைவர் கேட்டபோது ஆமாம்சாமி என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

இணையதளம் ஊரறிய ஏறிவிட்டது.

பத்தாவது நாள் டாக்டர் நான்கு பேரையும் வரச் சொன்னார். தான் எழுதியதே அப்படியே ஏறியிருக்கிறது என்று அதற்குள் தபாலுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. டாக்டர் கத்துவதுகூடப் பரவாயில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அப்பா அம்மா காதுக்கு இது போனால், இருக்கிற ஒரு தபாலும் நின்றுபோய்விடுமே என்றுதான் பயந்தாள்.

கிளினிக்கில் உட்கார இடமில்லை. வரவேற்பு மேசையில் இருந்த அக்கா அவர்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஆணியைப் பிடுங்கிட்டாங்களா?" என்றுதான். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே ஒருவர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஏதோ குழறினார். அவரும் அதைத்தான் கேட்கிறார் என்று டாக்டர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

டாக்டர் கோபமாக இல்லை, குழப்பமாக இருந்தார். பதினெட்டு வருடமாகப் பல்லைப் பற்றிச் சொல்லிப் பார்த்தும் வராத கூட்டம் ஓர் ஆணிக்கு வந்திருந்தது. எழுத்தை மாற்ற வேண்டாம், மாதம் ஒரு தடவை மேற்கொண்டு நடந்ததைச் சேர்த்தால் போதும் என்றார். இது ஆரம்பத்திலிருந்தே எங்கள் திட்டத்தில் இருந்ததுதான் என்று தலைவர் கூசாமல் சொன்னான். ஆமாம்சாமி ஆமாம் என்றான். காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருள் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பூஜ்யம் சதவீதம் என்று காட்டியதில் நெகிழ்ந்துபோய், ஆசிரியையும் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.

எல்லோருக்கும் நல்லது நடந்தது, தபாலைத் தவிர. வீட்டில் அவள் அதே நடைதான் நடந்துகொண்டிருந்தாள். அந்த வாரம் ஒரு தபால் மட்டும் புதிது. இரண்டு நாளாக அப்பா இடது பக்கமாகவே மெல்லுகிறார், பல்லைக் காட்டச் சொல்லு என்றாள் அம்மா. எட்டு மாதம் பேசாதவள் எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று மட்டும் எப்படிக் கவனித்தாள் என்று தபாலுக்குத் தோன்றியது. அப்பா பதில் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

மறுநாள் வகுப்பில் இருக்கும்போது அவள் போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இணையதளத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு. சோதனைக்காக ஆமாம்சாமி அதில் தபாலின் முகவரியைப் போட்டிருந்தான், மாற்ற மறந்துவிட்டான். வருவதையெல்லாம் அவள்தான் தினமும் வரவேற்பு அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கேயும் அவள் தபால்தான்.

அன்று வந்த படிவத்தில் பெயர் என்ற இடத்தில், ஆணி அடித்தவர் என்று இருந்தது. பிரச்சினை: வலது பக்கக் கடைவாய்ப் பல். எத்தனை நாளாக: எட்டு மாதம். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு நேராக, "கேட்டுவிட்டு அடித்திருக்கலாம். அடுத்த முறை எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளவும்" என்று இருந்தது.

அவள் அதை நாலைந்து தடவை படித்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு நேரம் வாங்கி அப்பாவுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தபால் போனை அவள் முன்னால் நீட்டி, "இதை நான் சொல்ல மாட்டேம்மா. நீயே படி" என்றாள்.

அம்மா படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடித்த துணியையே எடுத்து மறுபடியும் மடித்தாள். "ரெண்டு அங்குலம்னு எழுதியிருக்கே. அது மூணு அங்குலம். எழுதுறதை ஒழுங்கா எழுது" என்றாள். தபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவருமே முதல் நாளிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் அப்பா செருப்பை மாட்டும்போது அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒருவர் தெருவின் இந்த ஓரமும் இன்னொருவர் அந்த ஓரமுமாக நடந்தார்கள். தபால் நடுவில் போனாள். கிளினிக்கில் ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகளில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நடு இடம் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. அப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவை அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

பல்லை எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவரின் கன்னம் உப்பியிருந்தது, வாய் நிறையப் பஞ்சு. நேராக அம்மா முன்னால் வந்து நின்றார். எட்டு மாதம் அடக்கி வைத்ததை அந்தப் பஞ்சோடு சொல்லிவிட வேண்டும் என்று வாயைக் கோணினார். ஒரு சத்தம் வந்தது, சொல் வரவில்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் போனைக் கீழே வைத்துவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.

வழக்கம்போலத் தபால் எழுந்து நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பேசாதீங்க" என்றாள் அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்து. "ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்கு வெளியில கேட்டுச்சு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அப்பா தலையை ஆட்டினார். அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை அம்மா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் படியிறங்கித் தெருவின் ஒரே ஓரமாக நடந்தார்கள். தபாலுக்கு அவர்கள் பின்னால் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தாள். யாரும் அவளை எதுவும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை.