கன்னத்துக் கறுப்புச் சில்லு

கிள்ளானில் இரண்டு கடைவீடு, காப்பார் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தின் தரை, அம்பாங்கில் ஒரு பணக்காரரின் நீச்சல்குளம், பிள்ளைகள் மூவருக்கும் படிப்பு. எல்லாம் நான் கட்டியது. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது. "இவனுக்குச் சாந்துக் கரண்டி பிடிக்கவே தெரியாதே" என்று சிரித்தவர்கள் வீட்டுக் குளியலறைக்கும் நான்தான் கல் பதித்தேன். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது அந்தச் சுவர்.

கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடம். அதன் முகப்பு முழுவதும் கண்ணாடிச் சில்லுகளால் ஒரு படம். விஞ்ஞானத்தைக் கொண்டாடும் படமாம். கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்த்ததுபோல் ஒரு மனிதன், ஆறு மாடி உயரத்தில், தலைக்குமேல் அணுவைத் தூக்கிப் பிடித்திருப்பான். காலடியில் ரப்பர் மரத்து வேர்கள் சோதனைக் குழாய்களாக மாறும். வரைந்தவர் ஒரு சீன ஓவியர். பதித்தது நாங்கள் நாலைந்து பேர். முகம் முழுக்க என் கை. அணுவைச் சுற்றிய வளையங்களை நாங்கள் ராட்டினம் என்போம். "டேய், அது அணுலா! தைப்பூசத்து ராட்டினம் இல்ல!" என்று மேஸ்திரி கத்துவார்.

முகம் முடிந்த அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. பிறந்த குழந்தைக்கே கன்னத்தில் மை வைக்கிறோம். அணுவையே தூக்கி நிற்கிறவன்மேல் எத்தனை கண் விழும்? இடது கன்னத்தில் ஒரே ஒரு கறுப்புச் சில்லைப் பதித்தேன். ஓவியர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நான் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னதும் ஓவியர் சிரித்தார். "பியார்லா" என்றார் மலாயில். இருக்கட்டும் என்று அர்த்தம்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புது அலுவலகத்தின் கூடத்தில், அதே படத்தைப் பழைய புகைப்படங்களிலிருந்து சிறிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பொறுப்பாயிருந்த பெண், நம் தமிழ்ப்பிள்ளைதான், கிள்ளானில் டைல்ஸ் கடைகளில் விசாரித்து என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அசல் மாதிரி இருக்கான்னு பார்த்துச் சொன்னா போதும் அங்கிள்."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நிறம் சரி. வளையம் சரி. வேரும் பரவாயில்லை. ஆனால் ஒரே வழவழப்பு. அசலில் சில்லுக்குச் சில்லு வெயில் தெறிக்கும். கன்னத்தைப் பார்த்தேன். துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"பொட்டு எங்கம்மா?"

"எந்தப் பொட்டு?" போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஓ, இதுவா? சில்லு உதிர்ந்த எடம்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டாங்க அங்கிள்."

"உதிரலம்மா. நான் வச்சது."

"அதுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்கா?"

மேஸ்திரி போய்விட்டார், ஓவியரும் போய்விட்டார். சுவரே இல்லை. யாரைக் கூப்பிடுவேன்? ஓரத்தில் பித்தளைத் தகடு மின்னியது. ஓவியர் பெயர், கட்டடக்காரர் பெயர், அச்சடித்த கம்பெனியின் பெயர்கூட இருந்தது.

கல்லில் குறி போடும் மார்க்கர் என் பையில் எப்போதும் இருக்கும். அந்த முகம் இப்போது என் கைக்கு எட்டியது. வைத்தேன் ஒரு பொட்டு.

"அய்யோ அங்கிள், என்ன பண்றீங்க!" அவள் டிஷ்யூவால் துடைத்தாள். ஒரே இழுப்பில் போய்விட்டது. "கிறுக்கினா ஒட்டாத கோட்டிங். பயப்படாதீங்க" என்றாள் ஆறுதலாக.

கல்லை ஒட்டவைத்தே பிழைத்த கை தொங்கிக்கொண்டு நின்றது.

"அசல் மாதிரி இல்லை" என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகக்காரர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், போய்ச் சொல்லுங்கள். பொட்டைத் திரும்ப வைக்கட்டும். தகட்டில் ஓவியர் பெயருக்கு அடுத்து, முகத்தைப் பதித்தவன் என்று என் பெயரைப் போடட்டும். சின்ன எழுத்தில் வேண்டாம்.