யாரும் குறுக்கிடாத புதன்கிழமை

ரஷ்யாவில், துப்னா அணு ஆய்வுக்கூடத்தில் எங்கள் புதன்கிழமைக் கருத்தரங்கில் யாரையும் முழுதாகப் பேச விட்டதில்லை. கரும்பலகையில் இரண்டு வரி ஏறுவதற்குள் பாய்ந்துவிடுவோம். வாயை மூடிக்கொண்டு கேட்பதெல்லாம் வெளியூர் விருந்தாளிக்குத்தான். என்னோடு வேலை செய்யும் நெல்லி ஒசிப்போவ்னாவின் கணவர் க்லேப் ஒரு நாள் முழுக்க முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார்.

பனிக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். நெல்லி அழவில்லை. வழக்கம்போலப் பனிச்சறுக்குக் கட்டையில் வருவாள், கணக்குப் போடுவாள், உணவகத்தில் கஞ்சி வாங்கி ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவாள்.

"பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி மொத்தமா மரத்துப் போச்சு, ராயா," என்றாள் என்னிடம். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் என்ன குறைந்துவிடும்?

க்லேபின் நினைவாக அவருடைய கடைசி நிரூபணத்தை அவளே விளக்குவதாக ஏற்பாடு. எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் இரண்டு புரோட்டான்கள் மோதும் வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி வளராது என்பது அது. அதற்கு, மோதலைக் குறிக்கும் சார்பு சிக்கலெண் தளத்தின் ஒரு பகுதியில் எங்கும் உடையாமல் இருக்க வேண்டும்.

"மூணாவது வரியில ஓட்டை, ராயா," என்றாள் முந்தின நாள். "உடையாதுன்னு பையான்ங்கிற சின்னத் துகளுக்குத்தான் நிரூபிச்சிருக்காங்க. இவரு பாட்டுக்குப் புரோட்டானுக்கும் போட்டுட்டாரு."

"அப்ப ஏண்டி பேசப் போற?"

"குதறட்டும். அவரோட யாராவது சண்டை போடணும். அது போதும் எனக்கு."

புதன்கிழமையன்று மூன்றாவது வரியை எழுதிவிட்டு நெல்லி நின்றாள். அதன் கீழே கோடு போட்டாள். திரும்பி எங்களைப் பார்த்துக் காத்திருந்தாள். எப்போதும் முதலில் குரைக்கும் எங்கள் தலைவர் தீகன் சவேலியெவிச் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, முகங்களில் எழுதியிருந்தது. நான் கேட்க வாயெடுத்தேன். "சும்மா இருங்க, பாவம்," என்று பக்கத்திலிருந்தவர் என் கையை அழுத்தினார்.

அவள் கடைசி வரிவரை போனாள். ஒரு கேள்வி இல்லை.

தீகன் எழுந்தார். "ரொம்ப நன்றி, நெல்லி ஒசிப்போவ்னா. அழகான வேலை."

அழகான வேலையாம்! அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டே இராத சொல். நெல்லி அந்த மூன்றாவது வரியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கத் தொடங்கியது.

"அப்ப," என்றாள், "அவரு நெஜமாவே செத்துட்டாரா?"