பத்துக்குப் பத்து

முந்தாநாள் லிஃப்ட் ஓடவில்லை. தல்லாகுளத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலேயிருந்து மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இம்புட்டு மெதுவா ஏறி வார?" என்றாள். மெதுவா. அந்தச் சொல்லைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோனாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், காரணம் முட்டிவலி அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புக்கு வினையடை நடத்தினேன். ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல், அவ்வளவுதான். அதற்கு நான் செய்த ஆர்ப்பாட்டம்தான் பெரிது. மெதுவாக நடந்து காட்டினேன், திருட்டுத்தனமாக முறுக்கு தின்று காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வீட்டுல ஒருத்தரை நல்லாப் பாருங்க. அவுக செய்யுறதைப் பத்து வாக்கியமா எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

நோட்டுத் திருத்துவது எப்போதும் பழங்காநத்தம் பஸ்ஸில்தான். மடியில் நாற்பது நோட்டு, கையில் சிவப்புப் பேனா. வினையடை கண்ணில் பட்டால் அடியில் ஒரு கோடு. வாக்கியத்தை யார் படித்தார்கள்? இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். அதில் பெருமை வேறு.

ரஹ்மத் என்ற பிள்ளைக்குப் பத்துக்குப் பத்து போட்டு, 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே அவள் வராமல் நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளை எழுந்து சொன்னாள்: "டீச்சர், அவ அத்தா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சுவலியாம். அப்படி வலி இருந்தது அவ அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம்."

அவள் அப்பா இறந்ததைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்த நோட்டைப் படித்தேன். 'அத்தா மெதுவாக மாடி ஏறுகிறார். அத்தா அடிக்கடி நெஞ்சைத் தடவுகிறார். அம்மாவிடம் சொல்லாதே என்று அத்தா ரகசியமாகச் சொன்னார்.' மூன்று சொற்களுக்கு அடியிலும் என் சிவப்புக் கோடு.

யாரிடம் போய்ச் சொல்வது? பெற்ற தாயிடம் சொல்லாததை அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறது. துக்கம் கேட்கப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாடம்னா ஆசையா எழுதுவா டீச்சர்" என்று அழுதார். நோட்டைப் பற்றிச் சொல்லாமலே வீடு திரும்பினேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். வினையடைக்கும் அச்சடித்த தாள் வந்துவிட்டது, டிக் அடித்தால் போதும். எனக்குத் தொலைந்தது அதற்கெல்லாம் முன்பே தொலைந்துவிட்டது. ரஹ்மத் திரும்பி வந்ததும், கேட்காமலே புதிதாகப் பத்து வாக்கியம் எழுதித் தந்தாள். 'மயில் அழகாக ஆடியது. குதிரை வேகமாக ஓடியது.' எல்லாம் புத்தகத்தில் உள்ளவை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். அவள் வீட்டு ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. தப்பும் இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.