ஆறாம் நம்பர் மஞ்சள்

1. திரும்பி வந்த பெட்டி

அந்த அட்டைப்பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்தது. நாங்கள் அனுப்பிய பெட்டிதான். எங்கள் டேப்பைக் கிழித்துவிட்டு மேலே வேறு டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருபத்திரண்டு குழந்தை செட். ஒரு செட் என்றால் ஒரு குல்லா, ஒரு கையில்லாத சட்டை, ஒரு ஜோடி காலுறை. இருபத்திரண்டும் மஞ்சள்.

மேலாக ஒரு தாள் இருந்தது. செட்டை வாங்கிய ஒரு அம்மா கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பைக் கடைக்காரர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். குழந்தையின் கழுத்து சிவந்து தடித்துவிட்டதாம். ஒரே தடவை துவைத்ததில் சட்டை முழுக்க நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டதாம். 'பருத்தி என்று அட்டையில் போட்டிருக்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?' என்று முடித்திருந்தார். அதைப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அட்டைக்குப் பின்னால் 'சரிபார்த்தது' என்று என் கையெழுத்து இருந்தது.

நான் கலா. கோவிலம்பாக்கத்தில் ஒரு மாடி ஹாலில் நடந்த பின்னல் யூனிட்டில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். அதற்கு முன்பும் பல வருஷம் ஊசியும் கையுமாகத்தான் பிழைப்பு. "மெட்ராஸ் வெயில்ல ஸ்வெட்டர் யாருங்க போடறா?" என்று என்னைக் கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. கம்பெனி ஏசியில் விறைத்துப்போகிற உங்கள் பிள்ளைகள்தான் போடுகிறார்கள். எங்கள் யூனிட்டில் அதிகம் போனதே ஆபீஸ் சால்வைகள். அதற்கு அடுத்தது குழந்தை செட்.

குழந்தை செட்டில் எங்கள் பாணி ஒன்று உண்டு. ஒரு இழை வெள்ளைப் பருத்தி, ஒரு இழை கலர். கலர் இழை பருத்தியும் மூங்கிலும் கலந்த நூல், தோலுக்குக் குளுமை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழையாகப் பின்னினால் கலர் கண்ணை உறுத்தாமல், தயிர்சாதத்தில் காரட் துருவிப் போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக வரும். கையின் இறுக்கம் மாறினால் புள்ளி பூசினாற்போல் ஆகிவிடும். அதனால் ஒரு லாட் நூலை, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டு வந்த நூலை, ஒரே ஆள்தான் பின்ன வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. பச்சை ஒருத்தி, நீலம் ஒருத்தி. ஒவ்வொரு உருப்படியிலும் பின்னியவர் நம்பர் ஒரு சின்னத் துணியில் இருக்கும்.

அந்த இருபத்திரண்டு செட்டிலும் நம்பர் ஆறு. ஆறு என்றால் செல்வி.

2. பை

எங்கள் முதலாளி அம்மாவை எல்லோரும் மேடம் என்போம். அவர் கணவரை சார் என்போம். சார் நூல் வாங்குவதையும் ஸ்டோர் ரூமையும் பார்த்துக்கொள்வார். மேடம் மற்ற எல்லாவற்றையும். ஆனால் இருவருமே ஊசி பிடித்ததில்லை.

மேடம் அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சட்டையைத் திருப்பி நம்பரைப் பார்த்தார்.

"சிக்ஸ் யாரு கலா?"

"செல்வி, மேடம்."

"அந்தப் பெரும்பாக்கம் பொண்ணுதானே? நெனச்சேன். நம்ம நல்ல நூலை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு, மார்க்கெட்ல கெடைக்கிற சீப் நூலை வெச்சுப் பின்னியிருக்கா. அவதானே பிசிறு தைக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா?"

பிசிறு தைப்பது என்றால் பின்னி முடித்தபின் தொங்கும் நூல் முனைகளை உள்பக்கம் மறைத்துத் தைப்பது. செல்வியின் மகளுக்கு ஏழு வயது. பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் அந்த வேலையை மட்டும் வீட்டில் செய்ய நான்தான் அனுமதி கொடுத்திருந்தேன். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு. லிஃப்ட் ஓடாத நாளில் பையைச் சுமந்துகொண்டு ஏழு மாடி ஏறுவாள். ஒரு உருப்படிகூட அழுக்காகத் திரும்பி வந்ததில்லை.

"மேடம், அப்படிச் செய்யற பொண்ணு இல்ல அவ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஏரியா பத்தி பேப்பர்ல படிக்கிறதில்லையா? பேக்கை செக் பண்ணுங்க. இப்பவே."

ஒரு ஊரையே நகரத்துக் குடிசைகளிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, அப்புறம் அந்த மூலையைச் சொல்லியே ஒருத்தியைத் திருடி ஆக்குவது என்ன நியாயம்? அன்றைக்கு நான் இதைக் கேட்கவில்லை. ஹாலுக்குப் போனேன். செல்வியோடு சேர்த்து எட்டுப் பேர் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், செல்வியின் நாற்காலியில் தொங்கிய பையை நான்தான் எடுத்தேன். ஜிப்பைத் திறந்ததும் நான்தான்.

"இன்னாக்கா, இன்னா தேடற?" என்று செல்வி சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்றே நினைத்தாள்.

டிபன் டப்பா, குடை, மகளின் பள்ளி டைரி, அதற்கடியில் ஒரு நூல் உருண்டை. ரோஸ் கலர். தாம்பரம் மார்க்கெட் கடைகளில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக், பிளாஸ்டிக் மாதிரி செயற்கை நூல்.

பின்னால் வந்து நின்ற மேடம், "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?" என்றார்.

"அது எம் பொண்ணுக்கு மப்ளர் பின்ன வாங்கினது மேடம். கேட்டுகினே இருந்தா. மேடம், அது ரோஸ் மேடம்!"

தேடியது மஞ்சள், கிடைத்தது ரோஸ். ஆனாலும் திருட்டு நிரூபணமாகிவிட்டதாம். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றால் முதலில் என்மேல்.

"நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க கலா" என்றுவிட்டு மேடம் உள்ளே போனார். செல்வி எதிரிலேயே நிற்கிறாள், என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். செல்வி ஊசியில் இருந்த பின்னல் கழன்றுவிடாமல் முனையில் ரப்பர் மாட்டி மேஜையில் வைத்தாள். பாதியில் நின்ற வரிசையைக்கூட முடித்துவிட்டுத்தான் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற ஏழு பேரும் தலை நிமிரவில்லை.

3. தீப்பெட்டி

நூல் எது என்று தெரியாவிட்டால் கொளுத்திப் பார்க்க வேண்டும். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாடை வரும், விரலால் தொட்டால் பொடிந்துபோகும் சாம்பல் மிஞ்சும். மூங்கில் நூலும் அப்படியே. கம்பளி முடி பொசுங்கின மாதிரி நாறும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், கரும்புகை வரும், முனையில் மிளகு மாதிரி கெட்டியாக ஒரு கருப்பு மணி நிற்கும். நசுக்கினாலும் நசுங்காது.

டீ போடும் அறையில் கேஸ் அடுப்புப் பக்கத்தில் நின்று, திரும்பி வந்த ஒரு சட்டையைப் பிரித்தேன். வெள்ளை இழையைத் தனியாக உருவிக் கொளுத்தினேன். சாம்பல். மஞ்சள் இழையைக் கொளுத்தினேன். உருகியது, கருப்பு மணி.

அதாவது சட்டையில் இருப்பது தப்பான நூல் என்பது சரி. ஆனால் யார் வைத்தது?

அப்போது கையில் தட்டுப்பட்டது ரிப்பேர் அட்டை. எங்கள் செட் ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு அட்டையும், அதில் சுற்றிய ரெண்டு முழம் நூலும், ஒரு பட்டனும் தொங்கும். எங்காவது பிரிந்தால் வாங்கியவர் அதே நூலில் தைத்துக்கொள்ளலாம். அந்த நூலைப் பின்னுகிறவர்கள் வெட்டுவதில்லை. நூல் சுற்றிய கோன் வந்து இறங்கியதும், எங்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே, ஸ்டோர் ரூமில் சார் வெட்டுவார். அட்டையில் கலரும் லாட் நம்பரும் எழுதித் தன் மேஜை டிராயரில் பூட்டி வைப்பார். பேக்கிங் அன்றைக்குத்தான் சாவி வெளியே வரும். செல்வியின் கை அந்த அட்டைமேல் பட வழியே இல்லை.

அட்டையிலிருந்த மஞ்சளைக் கொளுத்தினேன். கரும்புகை, கருப்பு மணி.

இன்னொரு செட்டின் அட்டையை எடுத்தேன். அதிலும் மணி. ஐந்து அட்டைகளைக் கொளுத்தினேன். பருத்தியாக வந்த மஞ்சளை செல்வி மாற்றவில்லை. ஸ்டோருக்குள் வரும்போதே அது அக்ரிலிக். ஒரு கலரை ஒரே ஆள் பின்ன வேண்டும் என்ற எங்கள் கட்டுப்பாட்டால் அத்தனையும் ஒருத்தி தலையில் விழுந்திருக்கிறது. அந்த லாட்டை என் கையில் கொடுத்திருந்தால் நான் திருடி.

அந்தப் புகையில் நிற்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் கோனைப் பிரித்த முதல் நாளே செல்வி என்னிடம் வந்திருந்தாள். "அக்கா, இந்த மஞ்ச ஊசில கீச்சு கீச்சுன்னு கத்துது. கை வேற வழுக்குது. இன்னாவோ மாதிரி கீது, பாரேன்" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். மில்லில் சாஃப்ட்னர் போட்டிருந்ததால் வெண்ணெய் மாதிரி இருந்தது. "புது லாட் அப்படித்தான் இருக்கும், போய் முடி" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு என்னிடமும் தீப்பெட்டி இருந்தது. எடுக்கச் சோம்பல்.

4. கையெழுத்து

அட்டைகளையும் கருப்பு மணிகளையும் ஒரு சாசரில் வைத்து மேடம் மேஜைக்குக் கொண்டுபோனேன். சாரும் அங்கே இருந்தார். மேடம் முன்னாலேயே இன்னொரு அட்டையைக் கொளுத்திக் காட்டினேன். வாடையில் மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார். அட்டைமேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மஞ்சள் ஸ்டாக் இல்லன்னு சொன்னான்மா. அதே ஷேட்ல இது இருந்துது. ஒரு கலர்தானே, வெள்ளையோட சேந்து பின்னினா யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! காலையில் நான் பையைத் திறக்கும்போது ஸ்டோர் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. செல்வி "ரோஸ் மேடம்" என்று கத்தினது அவர் காதில் விழாமல் இருக்க முடியாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர்.

"சரி, மிஸ்அண்டர்ஸ்டேண்டிங் ஆயிடுச்சு. அவளை நாளைக்கு வரச் சொல்லிடுங்க கலா" என்றார் மேடம்.

"வந்ததும் நீங்க என்ன சொல்வீங்க மேடம்?"

"நான் என்ன சொல்லணும்?"

"ஏழு பேர் முன்னாடி அவ பேர் கெட்டுச்சு. அதே ஏழு பேர் முன்னாடி அவமேல தப்பு இல்லன்னு சொல்லணும்."

"ஓவரா போறீங்க கலா. கால்ல விழச் சொல்வீங்க போலிருக்கே?"

அடுத்த நாள் மதியம் ஒரு பெரிய சால்வை ஆர்டர் கிளம்ப வேண்டும். 'சரிபார்த்தது' என்ற என் கையெழுத்து இல்லாமல் பெட்டியைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், அது அவர்கள் நிபந்தனை. நான் பேனாவை மேஜைமேல் வைத்தேன். "நீங்க சொன்னப்புறம் கையெழுத்துப் போடறேன் மேடம். மஞ்சள் செட் வாங்கின எல்லாருக்கும் அது பருத்தி இல்லன்னு கடை மூலமா தகவல் போகணும். அதையும் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றேன். என் குரல் ஹாலுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஊசிச் சத்தம் நின்றுவிட்டது.

மேடம் கடைக்கு மெயில் அனுப்பினார். நான் செல்வியைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னேன். மறுநாள் காலை ஹால் வாசலில் நின்று, போனைப் பார்த்துக்கொண்டே, "செல்விமேல தப்பு இல்ல. நூல்லதான் தப்பு. ஸாரி செல்வி" என்றார். தப்பை நூல்மேல் போட்டார் பாருங்கள், வீட்டுக்காரர்மேல் போடவில்லை. சார் அன்றைக்கு யூனிட்டுக்கே வரவில்லை. செல்வி எழுந்து நின்று, "சரி மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

5. திறந்த ஜிப்

எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் அவள் நாற்காலிப் பக்கம் போனேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செல்வி தலை நிமிராமல் பேசினாள். "மேடம் நூலைத் தொட்டதே இல்ல. அவங்களுக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரியும்லக்கா. கத்துதுன்னு உங்கிட்டதான வந்து சொன்னேன். நீ எப்டிக்கா தொறந்த?"

"மன்னிச்சிடு செல்வி" என்றேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு வந்த புது மஞ்சள் கோனை அவளிடம் கொடுக்கும் முன், அவள் கண்ணெதிரே ஒரு முழம் வெட்டிக் கொளுத்தினேன். சாம்பல்தான் வந்தது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை கொளுத்திப் பார்க்காமல் ஒரு கோனைக்கூட உள்ளே விட்டதில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நாளைக்கு நீங்களும் சூப்பர்வைசர் ஆவீர்கள். நூல் சரியில்லை என்று பின்னுகிறவள் வந்து சொன்னால், அவள் கையைவிட உங்கள் கை பெரிது என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க அந்த நூல் ஓடுவது அவள் விரலில். பழி என்று ஒன்று வந்தால் முதலில் நூலைக் கொளுத்துங்கள், அரை நிமிஷம்தான் ஆகும். மேலிருந்து யார் சொன்னாலும் ஆளின் பையில் கை வைக்காதீர்கள்.

செல்வி அதற்குப் பிறகும் நாலு வருஷம் அங்கே வேலை செய்தாள். நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள், மகள் படிப்பைப் பற்றிச் சொல்வாள். ஆனால் பையை நாற்காலியில் மாட்டுவதை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் வந்ததும் என் மேஜைமேல் கொண்டுவந்து வைப்பாள், ஜிப்பை முழுக்கத் திறந்து. ஒருநாள் தாங்கமாட்டாமல் நானே எழுந்து அதை மூடப் போனேன்.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "உனக்குத்தான் சுளுவா இருக்கும்."