ராணியின் தலையில் அரைச் சொம்புச் சந்தனம்

இன்று காலை ஒரு சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பி, ஆயுத பூஜைக்குக் கார் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பொட்டு வைக்கப் போனார்.

“சாமி! வெளிய மட்டும் வைங்க, உள்ள வேண்டாம்!”

“ஏனுங்க டீச்சரம்மா?”

அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். (நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. தொண்ணூற்றைந்து வயதில் இனி என்ன வெட்கம்?)

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம். எனக்குப் பதினெட்டு வயது, கல்யாணமாகி நான்கு மாதம். ஆசிரியை வேலையெல்லாம் பிறகுதான்.

என் கணவர் பெருமாள், ராசிபுரத்தில் ஒரு நூல் வியாபாரியிடம் டிரைவர். கார் ஷெட்டை ஒட்டி முதலாளி கொடுத்திருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு.

அந்தக் கறுப்புக் காருக்கு அவர் வைத்திருந்த பெயர் ராணி!

எனக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘புள்ள’.

காலையில் ராணியின் முகத்தில்தான் விழிப்பார். ராணியைத் துடைக்க என் சேலையைத்தான் கிழிப்பார். மழை வந்தால் ஷெட் ஒழுகுகிறதா என்று பார்க்க ஓடுவார். (எங்கள் அறை ஒழுகும். பாத்திரம் வைப்பது நான்.)

ஆயுத பூஜையன்று மத்தியானம் பெரிய சாமந்தி மாலையோடு வந்தார்.

“எனக்கு ஒரு முழம் மல்லி வாங்கியாந்திருக்கலாமில்லீங்க?”

“ராணிக்குப் போட்டுட்டு மிச்சமிருந்தா தாரேன் புள்ள.”

மிச்சம்!

அதோடு விட்டாரா? பானெட்டைத் திறந்து ஒவ்வொரு உறுப்பாக எனக்கு அறிமுகம் செய்தார். ஒயர்கள் முளைத்த ஒரு கறுப்பு மூடியைத் துடைத்துக்கொண்டே, “இவளுக்கு உசுரே இதுலதான்” என்றார். குரல் அப்படிக் குழைந்தது. என்னிடம் ஒரு நாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

பிறகு கை கழுவப் போனார்.

என் கையில் சந்தனம் கரைத்த சொம்பு.

“குளிங்க, மகாராணி!” என்று அரைச் சொம்பை அந்த மூடியின் தலையில் ஊற்றி, பானெட்டையும் சாத்திவிட்டேன்.

கார் கெட்டுப்போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் அழகு கொஞ்சம் கலையட்டும் என்றுதான்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி மகனுக்குச் சேலத்தில் பெண் நிச்சயம். பத்தரைக்குள் அங்கே இருக்க வேண்டும். எல்லோரும் பட்டு உடுத்தி, தாம்பாளத் தட்டுகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

ர்ர்ர்... ர்ர்ர்... ர்ர்ர்...

ராணி எழுந்திருக்கவில்லை!

முதல் ஐந்து நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. (பொய் சொல்ல மாட்டேன்.)

“என்றா பெருமாளு, நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படிப் படுத்துக்குது?”

“ஒரு நிமிசமுங்க.”

செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பாதி வரை ஈரம், பெட்ரோல் உண்டு. குழாயைக் கழற்றினார். அதிலும் வந்தது. கடைசியாகப் பொறி வருகிறதா என்று பார்க்க ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் ஹேண்டிலைச் சுற்றினார்.

ஒரு பொறிகூட வரவில்லை.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரைக்கு நான் அங்க இல்லீன்னா, நாளைக்கு நீ இங்க இல்ல. கோயமுத்தூருல இருந்து வேற டிரைவரக் கூட்டியாந்துக்குவேன்.”

வேலை போனால் அந்த ஒழுகும் அறையும் போகும்! என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பாடம் முழுவதும் படித்துவிட்டு வந்தும் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளையின் முகம்.

மெல்லக் கிட்டே போனேன்.

“ஏனுங்க... அந்தக் கறுப்பு மூடியக் கழட்டிப் பாருங்க.”

“அதை நேத்துத்தான தொடச்சேன்?”

“பாருங்களேன்.”

கழற்றினார். குப்பென்று சந்தன மணம்!

அந்த மூடியின் வேலையை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்கு முறைவைத்து மிட்டாய் கொடுக்கிறார். கூரை ஒழுகி மிட்டாயெல்லாம் நனைந்து கரைந்து தரையில் ஓடினால் யார் கைக்குப் போய்ச் சேரும்? மின்சாரமும் அப்படித்தான் ஈரத்தில் வழிந்து ஓடிவிட்டது. எந்தப் பிளக்குக்கும் போகவில்லை.

“என்றா அது உள்ள?” என்றார் முதலாளி.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சந்தனமுங்க. பூசைல நாந்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சுட்டனுங்க.”

எனக்காக ஒரு பொய்! கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மூடியைத் துடைத்தார்!

உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்து மாட்டினார். இரண்டாவது சுற்றில் ராணி உறுமிக்கொண்டு எழுந்தாள்.

இப்போதாவது என் பக்கம் திரும்புவார் என்று நின்றேன். பானெட்டைத் தட்டிக்கொடுத்து, “சமத்துக் கண்ணு!” என்றார்.

மறுபடியும் வயிறு எரிந்தது. சொல்லிக் கொடுத்தவள் நான், சமத்து அவளா?

முதலாளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“பெருமாளு, இனிமே பூசைக்கு நீ கிட்டயே போவாத. பொம்பளைக கைல குடுத்தாத்தான் எதுவும் பாங்கா இருக்கும். அடுத்த வருசத்துல இருந்து உன்ற சம்சாரமே பொட்டு வைக்கட்டும்!”

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அதன்பிறகு பதினோரு வருஷம், முதலாளி குடும்பமே சுற்றி நின்று பார்க்க, என் சக்களத்திக்கு என் கையாலேயே பொட்டு வைத்தேன்.

அந்தப் பதினோரு வருஷமும் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சாமி கும்பிடக்கூடக் கையை எடுக்காமல், பானெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்!