பின்கதவு வழியாக நுவரெலியா காட்டிய சவரி மாமா

சவரி மாமா போய்விட்டார்.

இன்று விடியற்காலை, நானுஓயாவில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே... போன் வந்தபோது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ‘பழைய சீசன் வீதி’ வோக்கிங் டூருக்கு வந்த யாரும் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்த துரைமார் ஆடிய, குடித்த, பில்லியர்ட்ஸ் விளையாடிய தெருக்களைச் சுற்றிக் காட்டுவோம். நான் இங்கிலீஷில், மாமா தமிழில்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஹோட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். அப்போது இருபது வயசுப் பொடியன்.

முதல் நாளே எங்களுக்குள் சண்டை. போட்டோ எடுக்க வசதியாக முன்வாசல், போர்டிகோ, பூந்தோட்டம் என்று நான் ரூட் போட்டு வைத்திருந்தேன். மனுஷன் எல்லோரையும் ஹோட்டல் சமையல் குசினிக்குப் பின்னால், சாக்கடைக் கான் ஓரமாக, வெறும் போத்தல் அடுக்குகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஜெர்மன் அம்மாவின் சப்பாத்து முழுக்கச் சேறு.

நான் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை.

“முன்பக்கம் எனக்கு என்னம்மா தெரியும்? நாங்க ஒரு நாளும் அந்த வழியா போனதில்லையே.”

பேண்ட் கோட்டையும் கழுத்து போ-டையையும்கூடக் குசினிக்குப் பின்னால் நின்றுதான் மாட்டுவார்களாம். அன்றிலிருந்து அவர் போட்டதுதான் ரூட்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். மாமா டூருக்காக வரவில்லை. ஒரு ஆளைத் தேடி வந்தார்.

இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் விடமாட்டார். “நீங்க எந்த ஊருங்க? பிலோமினான்னு ஒருத்தங்க... தலவாக்கலைப் பக்கம் தோட்டத்துல இருந்து போனவங்க... கேள்விப்பட்டிருக்கீங்களா?” டெல்லியிலிருந்து வந்த ஒரு சர்தார்ஜி தம்பதியிடம்கூட என்னை இங்கிலீஷில் கேட்க வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்தியா என்ன தலவாக்கலை டவுனா மாமா, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிய என்று கிண்டல் செய்வேன். கேட்கிறதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்பார். அத்தை உயிரோடு இருந்தவரை அவரும் சிரித்துக்கொண்டே விசாரிப்பார், இன்றைக்காவது யாராவது அகப்பட்டார்களா என்று.

கதை இதுதான்... பிலோமினாவை மாமாவுக்குக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப அறுபத்துநாலில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுவருடம் பிலோமினாவின் அப்பா, எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், நாமே முந்திக்கொள்வோம் என்று குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, பின்னேர டீ டான்ஸ். மாமா மேடையில். குசினிக் கதவருகே பிலோமினாவின் முகம் தெரிகிறது. சமையல்கார அப்பு கையசைத்துக் கூப்பிடுகிறார். டிரம்ஸ் நின்றால் ஆட்டம் நின்றுவிடும். கீழே துரைமார் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

குச்சியை ஆட்டி ‘இரு, வருகிறேன்’ என்று காட்டிவிட்டு வாசித்தார். முடித்து ஓடிவந்து பார்த்தால் ஆள் இல்லை.

அந்த வாரமே ரயில், தலைமன்னார், கப்பல்.

சொல்லிக்கொண்டு போக வந்தவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டேனே... இதுதான் அவருடைய தீராத குறை. பிலோமினாவைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

போன வருடம் கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாமா வழக்கம்போலக் கேட்டார். அந்தக் குடும்பத்துப் பெண் ஒன்று யோசித்துவிட்டு, தங்கள் சர்ச்சில் ஒரு சிலோன்காரப் பாட்டி இருப்பதாகவும் அவர் பெயரும் பிலோமினாதான் என்றும் சொன்னது. உடனே நம்பர் வாங்கிக்கொண்டேன்.

என் போனில்தான் வீடியோ கோல். மாமா சவரம் செய்து, கோட் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் முதலில் பேசியதெல்லாம் முட்டிவலி, சுகர், பேரப்பிள்ளைகள்...

கடைசியில் மாமா கேட்டே விட்டார். “அன்னைக்கி சொல்லிக்கிட்டுப் போக வந்த. நான் எந்திரிச்சு வரல. மன்னிச்சுக்க பிலோமினா.”

அந்த அம்மா சிரித்தார்.

“சொல்லிக்கிட்டுப் போகவா வந்தேன்? வீட்டுக்குத் தெரியாம உடுப்ப மூட்ட கட்டிக்கிட்டு, உங்ககூடவே இருந்துரலாம்னுல்ல வந்தேன்.”

மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் டூருக்கு வந்தார். ஆனால் இந்தியாக்காரர்கள் வந்தால் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பாவி மனுஷன், ஏன் தேடிக் கொடுத்தோம் என்றுகூட ஆகிவிட்டது எனக்கு.

இன்று காலை நான்தான் கோத்தகிரிக்கு போன் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார். நாளைக்கு மூன்று மணிக்கு என்றேன்.

“கொஞ்சம் வச்சிருக்க முடியாதாம்மா?”

அவருக்கு பாஸ்போர்ட் கிடையாது. யாராவது கையைப் பிடிக்காமல் நாலு எட்டு வைக்க முடியாது. வர முடியாது என்று அவருக்கும் தெரியும். சரிங்கம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மாமாவின் மகளிடம் பேசினேன். காரணம்கூடக் கேட்கவில்லை அந்தப் பிள்ளை.

வருகிறவர்கள் கவனத்துக்கு: நாளை மூன்று மணி இல்லை. நான்கு மணிக்குத்தான் எடுக்கிறோம்.

போயிட்டு வாங்க மாமா...