பின்சீட்டுக்காரியின் ஹெல்மெட்

கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. மருத்துவமனைச் சீருடை தைக்கிற கூடத்தில் துணி வெட்டுகிற மேசை அவளுடையது. உடம்புக்குப் பொருந்தாத துணியைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பேருந்தில் முன்னால் நிற்கிறவரின் சட்டைத் தோள் இறங்கியிருந்தால்கூட, தைத்தவனை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் இறங்குவாள். அப்படிப்பட்டவள் தன் தலையில் குடம்போல ஆடுகிற ஒரு ஹெல்மெட்டை ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டு, கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள் என்றால் அதை என்ன சொல்ல.

அந்த ஹெல்மெட் பைக்கோடு இலவசமாக வந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். தனக்கு மட்டும் முகம் முழுக்க மூடுகிற மாதிரி நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். இலவசம் அவளுக்கு வந்து சேர்ந்தது. பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு நல்லது, போலீஸ்காரர் கண்ணுக்குத் தலையில் ஏதோ ஒன்று தெரிந்தால் போதாதா என்பது அவர் கட்சி. அவர் மட்டுமா, ஊரே அந்தக் கட்சிதான். எந்த பைக்கை வேண்டுமானாலும் நிறுத்திப் பாருங்கள். ஓட்டுகிறவர் தலையில் இருப்பது ஒரு ரகம், பின்னால் இருப்பது வேறு ரகம்.

போன மாதம் சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லியில் பைக் சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிட்டது. காதுக்கு மேலே தையல் போட்டார்கள். தைத்தே பிழைக்கிறவளுக்குத் தலையிலும் தையலா என்று கூடத்தில் கேலி பேசினார்கள். அதெல்லாம் அவளுக்கு ஆறிவிட்டது. தரையில் கிடந்தபடி அவள் கண்ட ஒரு காட்சிதான் ஆறவில்லை. கணவர் எழுந்தார். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், உருண்டு ஓடிய ஹெல்மெட்டின் பின்னால் ஓடினார். காசு கொடுக்காமல் வந்த பொருளுக்கு இருந்த மதிப்பு கட்டிய மனைவிக்கு இல்லை. ஏன் ஓடினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம், அவர் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

தையல் பிரித்த அன்று அந்த ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

"என் தலைக்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும் உங்க வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். கூடத்துக்குப் பேருந்து மாறி மாறிப் போனாள். கணவர் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். நாத்தனார் போனில் கூப்பிட்டு, பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு இந்த வயதில் ஹெல்மெட் மேல் என்ன ஆசை என்று கேட்டாள். ஆசை ஹெல்மெட் மேல் இல்லை, தலை மேல்தான் என்று சொல்லி டேப்பக்கா போனை வைத்தாள்.

முதல் தடவை ஹெல்மெட் கடைக்குத் தனியாகப் போனாள். அங்கேதான் தையல்காரி புத்தி அவளைக் கவிழ்த்தது. நெற்றியைச் சுற்றி டேப்பை வைத்து அளந்தாள். உடம்பளவுக்கே எந்தத் தையல்காரி வெட்டுவாள்? மூச்சு விட, கை தூக்க, குனிய நிமிர என்று கொஞ்சம் தாராளம் விடுவதுதான் தொழில். தலைக்கும் அதே கணக்கில் தாராளம் விட்டு, ஒரு அளவு பெரிதாகக் கேட்டாள். கன்னத்தில் ஒட்டாமல் சுகமாக இருந்தது. வாங்குகிறவளே விரும்பிக் கேட்கும்போது கடைக்காரர் ஏன் மறுக்கப்போகிறார், எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அதை மாட்டிக்கொண்டு, கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனிந்தாள். ஹெல்மெட் சரிந்து மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்து தலையை வலது பக்கம் திருப்பினாள். ஹெல்மெட் திரும்பாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. கணவர் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் புரையேறியது. ஊருக்கே அளவெடுக்கிறவளுக்குத் தன் தலையை அளக்கத் தெரியவில்லையே என்று வேறு சொன்னார். வேறு யாராவது என்றால் அந்த அவமானத்துக்குப் பயந்து அதையே மாட்டிக்கொண்டு காலம் தள்ளியிருப்பார்கள்.

"தப்பா வெட்டினா மாத்தி வெட்டறதில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

வேடிக்கை பார்க்கலாம் என்று அவரும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் ஏறவில்லை. அவள் நடக்க, அவர் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வர, தெரு முழுக்கப் பார்த்தது.

கடைக்காரருக்கு மாற்றிக் கொடுக்க மனமில்லை. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவளை என்ன செய்வது. ஹெல்மெட் என்பது துணி இல்லை, தாராளம் விட்டால் தலை ஒரு பக்கம், அது ஒரு பக்கம் போய்விடும் என்று இப்போதுதான் விளக்கினார். இதை அன்றைக்கே சொல்ல வாய் வலித்ததா என்று கேட்டுவிட்டு, அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக மாட்டினாள். பெண்களுக்கு என்று தனி அலமாரியில் இளஞ்சிவப்பு, ஊதா என்று அடுக்கியிருந்தவை எல்லாம் காதோடு நின்றன. அவற்றைத் தள்ளி வைத்தாள். ஒன்று நெற்றியில் குத்தியது. போகப்போகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். சரியாகிறதா பார்க்கலாம் என்று அவள் அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். கழற்றும்போது நெற்றி நடுவில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. கண்ணாடியில் அதைக் கடைக்காரருக்கும் காட்டினாள்.

கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைக் காட்டினாள். கறுப்பு, இரண்டு பக்கமும் நெருப்பு எரிகிற மாதிரி படம். அது பையன்கள் ரேஸுக்குப் போட்டுக்கொள்வது என்றார் கடைக்காரர். எனக்கும் தலைதானே இருக்கிறது என்றாள். மாட்டியதும் இரண்டு கன்னமும் உள்ளே ஒடுங்கின. தலையை ஆட்டினாள், அதுவும் கூடவே ஆடியது. நெற்றிக்கும் உள்ளே இருந்த பஞ்சுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. எங்கேயும் வலிக்கவும் இல்லை.

தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, பின்னங்கழுத்துப் பக்கம் யாராவது பிடித்து முன்னால் உருட்டித் தள்ளிப் பார்க்க வேண்டும், கழன்றால் வேண்டாம் என்றார் கடைக்காரர். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தயங்கித் தயங்கி வந்து, விரல் நுனியால் தொட்டார்.

"நல்லாத் தள்ளுங்க. ரோடு இப்படிப் பூ மாதிரி தொடாது."

அவர் தள்ளினார். அவள் தாடை நெஞ்சில் போய் இடித்தது. ஹெல்மெட் அசையவில்லை. இரண்டு கையாலும் இன்னும் பலமாகத் தள்ளினார், பிறகு மறுபடியும் தள்ளினார். போதும் என்று அவள் சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் திரும்பினாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு அது உருண்டு போச்சுல்ல. உள்ள உன் தலையும் போகுதுன்னு நெனச்சேன். அதான் அது பின்னாடி ஓடினேன்."

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே அவளுக்குக் கரைந்தது. அந்த ஒரு மாதமும் இவரும் அதைச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். கன்னம் இறுகியிருந்ததால் பேச்சு அரைகுறையாகத்தான் வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதை அவள் கேட்டே தீர்த்தாள்.

"அவ்வளவு அருமையான தலைன்னா, இத்தன வருஷமா அதைப் போயி அந்த ஓட்டைக் குடத்துல ஏன் வெச்சீங்க?"

ஸ்டூல் பக்கத்தில் வைத்திருந்த தன் ஹெல்மெட்டை அவர் கையில் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் அவசரமாக அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் கணவர் கையிலிருந்த அவருடைய நல்ல ஹெல்மெட்டை வாங்கி, அவர் தலையிலேயே மாட்டி, வாரைப் பூட்டினாள். பின்னங்கழுத்தில் கை வைத்து ஒரே தள்ளு. பழைய பஞ்சு எல்லாம் நசுங்கிப்போயிருந்தது. ஹெல்மெட் அவர் மூக்கைத் தாண்டி, மூக்குக்கண்ணாடியையும் தட்டிக்கொண்டு அவள் கையோடு வந்துவிட்டது.

டேப்பக்கா ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்க. உங்களுக்கும் பார்த்துட்டுதான் வண்டி நகரும்."